சடையனுக்கு என்ன மருந்து?

“ஏ இஞ்ஞாசி! இங்க வந்து இந்தச் சுவத்தைப் பாரு!”

பெருமாயியின் குரல் வளவின் நான்கு வீட்டுக்கும் கேட்டது. நான்கும் அவளுடைய வீடுகள். அதனால் குரலும் கொஞ்சம் பெரிது.

இஞ்ஞாசியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளையடித்த சுவரில் மிளகு போல இரண்டு உண்ணிகள் ஏறிக்கொண்டிருந்தன.

“ஒங்க நாய் சடையன் மேல இருந்து எறங்குனது. இன்னிக்குச் சுவரு. நாளைக்கு எம் பேத்தி தொட்டிலு!”

“நான்தான் வேப்பெண்ணெய் தடவுறேனே அக்கா.”

“நீயும் மாசக்கணக்காத் தடவுற. உண்ணி அதைக் குடிச்சுக் கொழுத்துல்ல திரியுது! டி.டி.டி. பவுடரைத் தூவு. ஒரே நாள்ல உதிர்ந்துரும். எங்க வீட்டு மூட்டைப்பூச்சி எல்லாம் எங்க போச்சுங்கிற?”

“நாய் நக்குமே அக்கா. விஷமாச்சே. வாயில்லாச் சீவன்...”

“ஆமா, ஒனக்கு மட்டுந்தான் ஈரநெஞ்சு. நாங்கள்லாம் கருங்கல்லு!”

மூன்றாம் வீட்டுச் சோலைமுத்து தலையை நீட்டினார். “எங்க ஊருல சீதாப்பழ விதையை அரைச்சுப் பூசுவாக. போயிலைத் தண்ணியும் ஊத்துவாக.”

“அதை அரைச்சு முடிக்கிறதுக்குள்ள உண்ணிக்குப் பேரன் பேத்தி பொறந்துரும். நீங்க உள்ள போங்க.” பெருமாயி திரும்பினாள். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன் இஞ்ஞாசி. பவுடரைப் போடு. இல்ல, நாயை வெரட்டு. ரெண்டும் ஆகாதுன்னா வேற வீடு பாத்துக்க.”

இஞ்ஞாசியம்மாள் உள்ளே திரும்பினாள். அவள் புருஷன் பாஸ்கல் மேட்டுப்பட்டியில் பேர் பெற்ற தையல்காரர். போன வருஷம் இரண்டு கண்ணும் போயின. பின்னாலேயே மெஷினும் போனது. அவரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எந்தத் தெருவில் வீடு தேடுவாள்?

சனிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் பெருமாயி அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். கட்டிலருகே போனவள் அப்படியே நின்றாள். நான்கு கால்களைச் சுற்றியும் வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது.

குனிந்து முகர்ந்தாள். “டி.டி.டி.! ஏன்டி, கட்டிலுக்கு ஆகுற பவுடர் நாய்க்கு மட்டும் விஷமா?”

பெருமாயி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“எங்க அந்த வேப்பெண்ணெய்ப் போத்தலு?”

மாடத்தில் இருந்தது. கழுத்து வரைக்கும் எண்ணெய். தக்கையின் மேல் தூசி.

“அடிப் பாதகத்தி! எண்ணெயும் தடவல, பவுடரும் போடல! ஈரநெஞ்சுக்காரி மாதிரிப் பேசிட்டு, அந்தச் சீவனைப் பூச்சி தின்னட்டும்னு விட்டுருக்கியே!”

“மெதுவா அக்கா. அவரு காதுல விழுந்துரும்.”

“விழட்டுமே!”

இஞ்ஞாசியம்மாள் அவள் கையைப் பிடித்துப் பின்கதவுக்கு இழுத்துப் போனாள்.

கொல்லையில் முருங்கை நிழல். சாக்கை விரித்துப் பாஸ்கல் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலை வைத்துச் சடையன் கண்மூடிக் கிடந்தது. ஊசியில் நூல் கோத்துப் பழகிய விரல்கள் ரோமத்துக்குள் மெல்ல நடந்தன. ஓரிடத்தில் நின்றன. தோல் நோகாமல் ஓர் உண்ணியைக் கிள்ளி எடுத்து, பக்கத்தில் இருந்த மண்ணெண்ணெய்ச் சிரட்டையில் போட்டன.

“வெத்தலை வாசம் வருது. பெருமாயியா? வா தங்கச்சி. காது மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருந்தான் ஒரு பய. கண்ணு உள்ளவன்னா அவனை விட்டுட்டுப் போயிருப்பான்!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று பெருமாயிக்கு நினைவு வரவில்லை.

உள்ளே வந்ததும் இஞ்ஞாசியம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “கண்ணு போனதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவரு அக்கா. சோறுகூட எறங்கல. ஒருநா தற்செயலாச் சடையன் முதுகுல கை பட்டுச்சு. மறுநா எனக்கு முந்தி எந்திரிச்சு, ‘நாய் எங்கடி?’ன்னு கேட்டாரு. அது தெருவெல்லாம் சுத்திப் புதுசா ஏத்திக்கிட்டு வரும். இவரு ஒண்ணு விடாம எடுப்பாரு. பவுடர் போட்டா ஒரே நாள்ல உண்ணி போயிரும்தான். மறுநாக் காலையில இவரு எதுக்கு அக்கா எந்திரிப்பாரு?”

பெருமாயி வெளியே போய்விட்டாள்.

ஞாயிறு காலை இஞ்ஞாசியம்மாள் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பினாள். வளவின் சுவரோரம் நெடுகக் கோலப்பொடி இழுத்தது போல் டி.டி.டி. பவுடர். வீட்டுக்குள் ஓடினாள். சடையனைக் காணோம். கொல்லைக்கு ஓடினாள்.

சடையன் அங்கேதான் படுத்திருந்தது. பக்கத்தில் பெருமாயி நின்றாள். அவள் கையில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் இன்னொரு நாய். சித்தையன்கோட்டையில் அவள் தம்பி தோட்டத்தில் கிடக்கும் நாய். காதெல்லாம் உண்ணி.

“பாஸ்கல் அண்ணே, இதுக்குப் பவுடர் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணும் கேக்கல. ஒங்க கையை விட்டா வேற வழியில்ல” என்றாள் பெருமாயி, நான்கு வீட்டுக்கும் கேட்கும்படி.

பாஸ்கல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எப்படித் தாயி கேக்கும்? இடுக்குல இருக்கவனைப் பவுடரா தேடிப் பிடிக்கும்? இப்படி விடு, நான் பாத்துக்கறேன்.”

அவர் நீட்டிய கையை அந்த நாய் முகர்ந்தது. பிறகு சாக்கின் மேல் சாய்ந்தது.

இஞ்ஞாசியம்மாள் மெல்லப் பக்கத்தில் வந்தாள். “நெசமாவே பவுடர் கேக்கலையா அக்கா?”

பெருமாயி அவள் காதோரம் குனிந்தாள்.

“போடி! போட்டாத்தானே கேக்கும்!”