நட்சத்திரம் போட்ட போல்ட்டு

அச்சாணி இல்லாத தேர் இத்தனை சாண்கூட ஓடாது என்று பெரியப்பா சொல்வார். எத்தனை சாண் என்பது பாலமணிகண்டனுக்கு மறந்துவிட்டது. ஓடாது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அதைத்தான் மூன்று மாதமாக ஒவ்வொரு இரும்புக் கடையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் தேர் இல்லை. விமானம் இருந்தது.

இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வீடு கட்டுவார்கள். கொஞ்சம் மீந்தால் கல்யாண மண்டபம் கட்டுவார்கள். பாலமணிகண்டன் பாலவனத்தத்தில் தையல் யூனிட் போட்டார். அது நன்றாக ஓடவே, மூடிப்போன ஃபிளையிங் கிளப் ஒன்றின் ஏலத்தில் அறுபது வயதான இரண்டு சீட்டு விமானத்தை எடுத்து வந்து, யூனிட்டுக்குப் பின்னாலிருந்த பழைய பஞ்சு குடோனில் நிறுத்தினார்.

அவருக்கு மரை கழண்டுவிட்டது என்றது ஊர். உண்மையில் மரை போயிருந்தது விமானத்துக்குத்தான். இறக்கையைத் தாங்கும் கம்பியில் நாலு போல்ட்டு. அதை மாற்றாமல் பறக்கக் கூடாது என்று சோதிக்க வந்தவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். வெளிநாட்டில் ஆர்டர் கொடுத்தால் வந்து சேர எட்டு மாதம். பாலமணிகண்டனுக்கோ தை பிறப்பதற்குள் பறந்தாக வேண்டும்.

காரியாபட்டி லேத்துக்காரர் பழைய போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விடுங்க சார். அதே மாதிரி கடைஞ்சு தாரேன்.”

“அதே மாதிரி வேண்டாம். அதுவே வேணும்.”

எந்த இரும்பு, எத்தனை பாரம் தாங்கும், ஒரு நூல் பிசகினால் ஆகாயத்தில் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் விளக்கினார். லேத்துக்காரர் அதற்குள் இரண்டு டிராக்டர் வேலையை முடித்துவிட்டார்.

அருப்புக்கோட்டை சீனிச்சாமி கடையில் நட்சத்திரம் போட்ட போல்ட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டதும் காரை எடுத்தார். தலையில் நட்சத்திரம் இருந்தால் அது விமானப் போல்ட்டு. அவருடைய புத்தகத்தில் படமே போட்டிருந்தது.

வழியில் வீரணன் கூப்பிட்டான். திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலிருந்து முப்பத்திரண்டு பெண்களை யூனிட்டுக்குக் கூட்டி வரும் வேனுக்கு அவன்தான் டிரைவர்.

“பின்சக்கரத்துப் போல்ட்டு மரை தேஞ்சு ஆடுது முதலாளி. கண்மாய்க்கரையில திரும்புறப்ப எனக்கே கால் நடுங்குது. ஒதுங்குறதுக்கு ஓரங்கூடக் கிடையாது. தங்கலட்சுமி அக்கா இனிமே நடந்தே வாரேங்குது.”

“ஒரு முக்கியமான போல்ட்டு விஷயமாப் போய்க்கிட்டு இருக்கேன் வீரணா. அப்புறம் பேசு.”

சீனிச்சாமி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். ஒவ்வொன்றின் தலையிலும் நட்சத்திரம். பாலமணிகண்டன் வெர்னியர் வைத்து நீளம் அளந்தார், குறுக்கே அளந்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

“நாலு கொடுங்க அண்ணாச்சி.”

“எதுக்குத் தம்பி?”

“விமானத்துக்கு.”

சீனிச்சாமி எல்லாவற்றையும் அள்ளி டப்பாவில் போட்டு மூடினார். “இல்ல.”

“இப்பத்தானே பார்த்தேன்.”

“இருக்கு. உங்களுக்கு இல்ல.”

பாலமணிகண்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. கிராக்கி காட்டுவது, தொழில் தர்மம், ஜப்பானில் கடைக்காரன் எப்படிக் குனிந்து வணங்குகிறான், இந்த ஊர் ஏன் உருப்படவில்லை என்று ஒரு பாட்டம் பேசினார். இந்தத் தலைப்பில் பேச வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்குக் குறிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை.

சீனிச்சாமி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு டிராயரைத் திறந்து விரல் நீள அச்சு உளி ஒன்றை எடுத்தார். சாக்கிலிருந்து மொட்டைப் போல்ட்டு ஒன்றை எடுத்துப் படிக்கல்லின் மேல் நிறுத்தி, உளியை வைத்து ஒரே அடி.

நட்சத்திரம் பிறந்தது.

“முன்ன ஒருக்க மிலிட்டரி ஏலத்துல எடுத்த இரும்புல இந்த மாதிரி நாலு வந்துச்சு. அன்னையில இருந்து வண்டிக்காரவுக நட்சத்திரம் இல்லாட்டி தொட மாட்டேங்கிறாக. நானும் அடிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். உள்ள என்ன இரும்புன்னு எனக்கே தெரியாது.”

பாலமணிகண்டன் அந்தப் போல்ட்டை எடுத்து நட்சத்திரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“தரையில போறவுகளுக்கு மட்டுந்தேன் குடுப்பேன் தம்பி. கழண்டா ஓரமா நிப்பாட்டிக்கிடலாம். ஆகாசத்துல ஓரம் ஏது?”

பாலமணிகண்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. சீனிச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் உயிரைக் காப்பாற்றியதாகச் சொன்னார். இப்படி ஒரு மனசாட்சியை இந்தக் காலத்தில் பார்த்ததே இல்லை என்றார். எட்டு மாதம் இல்லை, எட்டு வருஷம் ஆனாலும் காத்திருந்து, சரியான போல்ட்டைத்தான் மாட்டுவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தார்.

போன் அடித்தது. மறுபடியும் வீரணன்தான். கம்பெனிப் போல்ட்டு மதுரையில் இருக்கிறதாம். வந்து சேர இரண்டு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் வேனை நிறுத்திவிட்டு, யூனிட்டுக்கு லீவு விடச் சொல்லலாமா என்று கேட்டான்.

பாலமணிகண்டன் போனைக் கையால் பொத்திக்கொண்டு சீனிச்சாமி பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, வேன் சைஸுல அதே மாதிரி நாலு கொடுங்க.”