நடிப்புக்காரி

"டாக்டரம்மா, இவ நடிக்கிறா. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போய்த் தறியில உக்காந்துக்குவேன்" என்றான் தேவேந்திரன்.

கலைவாணி கணவனை முழங்கையால் இடித்தாள். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன் அவன். ஒரு புடவைக்குப் பதினைந்து நாள் பொறுமையாக உட்காருவான். டாக்டர் வீட்டு நாற்காலியில் மட்டும் பதினைந்து நிமிஷம் உட்கார முடியாது.

"நடிப்பா, வலிப்பான்னு நான் பாத்துச் சொல்றேன். என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்லுங்க" என்றார் குழந்தை மருத்துவர் துர்காதேவி.

கலைவாணி சொன்னாள். மூத்தவள் ஜீவிதாவுக்கு ஒன்பது வயது. வாய் ஓயாதவள். ஒரு மாதமாகச் சாப்பிடும்போதோ எழுதும்போதோ திடீரென்று சிலையாகிவிடுகிறாள். கண் நிலைகுத்தி நிற்கிறது. வாய்க்குக் கொண்டுபோன இட்லி பாதி வழியில் நிற்கிறது. பத்து எண்ணுவதற்குள், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் தின்ன ஆரம்பிக்கிறாள்.

பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, காக்கா வலிப்பு!" என்று ஜீவிதாவின் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து கலைவாணிக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த நேரத்துல தொட்டா?" என்று கேட்டார் டாக்டர்.

"தொட்டா சிரிச்சுடுறாம்மா."

"தனியா இருக்கும்போது வருதா?"

"வராதுங்க!" என்று முந்திக்கொண்டான் தேவேந்திரன். "நாங்க பாத்துக்கினு இருந்தாத்தான் வரும். ஆள் பாத்து வர்ற வலிப்பு எந்த ஊர்லங்க இருக்குது?"

"அப்படி வந்தா அது மனசுலேருந்து வர்றதா இருக்கலாம். அதையும் நடிப்புன்னு தள்ளிடக் கூடாது. வாயால சொல்ல முடியாததைப் பிள்ளைங்க சில நேரம் உடம்பால சொல்லும்."

"சொல்ல முடியாததா? இவளுக்கா?" தேவேந்திரன் வாய்விட்டுச் சிரித்தான். "இவ வாயில வராதது பதினாறாம் வாய்ப்பாடு ஒண்ணுதாங்க!"

"அம்மா, நான் சொல்றேன். சுகாசினி வந்து..." என்று ஜீவிதா ஆரம்பித்தாள்.

"ஆரம்பிச்சுட்டியா? எப்ப பாரு தங்கச்சி மேல கோளு!" கலைவாணி அவள் வாயை அடைத்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள். "இதாம்மா சங்கதி. சின்னவளைக் கண்டா இவளுக்கு ஆகாது. ஏதாவது ஒண்ணு சொல்லிக்கினேதான் இருப்பா."

சின்னவள் சுகாசினி அப்பாவின் மடியில் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. அவள் பெருமை பேச அப்பனுக்குச் சாக்கு ஏதும் தேவையில்லை.

"இவ நிறைகுடம்ங்க. சத்தமே வராது. காமாட்சி கோயிலுக்குக் கூட்டிக்கினு போனா அம்மனைப் பாத்து இமை கொட்டாம நிப்பா. கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டா. அம்மனே தவம் இருந்த ஊராச்சே! எங்க தெருவுல இவளுக்குப் பேரே தவசிப் பாப்பாதான்."

டாக்டர் சின்னவளை ஒரு முறை பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு காகிதக் காத்தாடிகளை எடுத்தார்.

"ஜீவிதா, இதை மூணு நிமிஷம் நிறுத்தாம ஊதணும். இந்த மாதிரி நின்னு போற வலிப்பு இருந்தா, ஊத ஊத வெளிய வந்துடும். இந்தா, தவசிப் பாப்பாவுக்கும் ஒண்ணு."

"ஆமாங்க, குடுத்துடுங்க. இல்லாட்டி ஒருத்திக்கு மட்டுமான்னு சண்டை வரும்" என்றான் தேவேந்திரன்.

இருவரும் ஊதினார்கள். கலைவாணி மூத்தவளின் கண்ணைவிட்டுத் தன் கண்ணை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது. தாயே, என் பிள்ளைக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இரண்டு நிமிஷம். ஜீவிதா கன்னத்தை உப்ப வைத்து ஊதிக்கொண்டே, அம்மாவைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தாள்.

"பேசுற வாய்க்குக் காத்தாடி எம்மாத்திரம்!" என்றான் தேவேந்திரன்.

மூன்று நிமிஷம் ஆனது. ஜீவிதாவின் காத்தாடி சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

"போதும்மா. நீங்க சொன்னதையும் இதையும் சேத்துப் பாத்தா, ஜீவிதாவுக்கு வலிப்பு இல்லை" என்றார் டாக்டர். ஆனால் அவர் பார்வை ஜீவிதாவின் மேல் இல்லை.

கலைவாணி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஒரு மாதத்துக் கண்ணீரும் ஒன்றாக வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு, முதுகில் செல்லமாக ஒன்று வைத்தாள்.

"அடிப்பாவி! என் உசுரே போயிடுச்சு. எதுக்குடி இப்படி நடிச்ச?"

ஜீவிதா தங்கையைக் காட்டினாள்.

சுகாசினியின் காத்தாடி நின்றுபோயிருந்தது. ஊதக் குவித்த உதடு குவித்தபடி இருந்தது, கண் சுவரில் நிலைகுத்தியிருந்தது. டாக்டர் எழுந்து வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டும், தோளைத் தொட்டும், அவள் இமை அசையவில்லை.

"இதைத்தாம்மா நான் தினமும் செஞ்சு காட்டினேன்" என்றாள் ஜீவிதா. "சொன்னா கோளுன்னு திட்டுறீங்களே!"