பனிமலையில் ஒரு கும்பிடு

இன்னொரு தடவை விழுந்தால் நாளை முழுக்க விடுதியில் எல்லோருடைய பைகளுக்கும் நான்தான் காவல் என்று, படிக்க வந்த ஊரில் வாய்த்த நண்பர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். கடைத்தெருவில் வளர்ந்தவன் நான். பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை. பனிச்சரிவின் உச்சியில் நின்று மூச்சு விடுவதற்குள், காலில் மாட்டிய சறுக்குப் பலகைகள் என்னைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டன.

பின்னாலிருந்து, அந்த நண்பர்களில் ஒருத்தியான அழகம்மை கத்தினாள்: “தனபாலா, கும்பிடு போடுடா!”

நிலைமை அவ்வளவு மோசமா என்று எண்ணி, கைத்தடிகளை வீசிவிட்டு இரு கைகளையும் தலைக்குமேல் குவித்தேன். மலை விர்ரென்று மேலே போனது. எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் பயபக்தியோடு ஒதுங்கினார்கள். அடிவாரச் சமதரையில் வேகம் தானாக அடங்கி, ரோப் காருக்குக் காத்திருந்த நீண்ட வரிசையின் முன்னால் போய் நின்றேன். விழவில்லை!

“பலகை முனை ரெண்டையும் சேர்த்துக் கும்பிடு போடச் சொன்னேன்டா, கூமுட்டை! அதான் பிரேக்கு!” துரத்தி வந்த அழகம்மைக்கு மூச்சு இரைத்தது.

“மெல்லப் பேசு தாயி,” என்றேன். கைகளை இறக்கவில்லை. வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைகூப்பி, மறுபடி மேலே போக எனக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.