பக்கெட்டுக்குக் கீழே

கல்குவாரியில் பொக்லைனின் பக்கெட் தானாக இறங்கி கீழே நின்ற தொழிலாளி தனசிங்கின் காலை நசுக்கிவிட்டது. மறுநாள் அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்த விசாரணையில் மெக்கானிக் செல்வின், "பக்கெட்டைத் தாங்குற சிலிண்டரோட ஆயில் சீலை முன்னாடியே புதுசா மாத்திட்டேன் சார். ஓட்டினவன்தான் லிவரைத் தட்டியிருக்கான்" என்று மேனேஜரிடம் சொன்னான். ஓட்டியவன் செல்வினின் தங்கை கணவன் ரூபன். செல்வின் சரிசெய்துவிட்டதாகச் சொன்னதை நம்பித்தான் வண்டியில் ஏறியிருந்தான்.

ரூபன் பொக்லைனில் ஏறினான். வண்டியைக் கிளப்பி, பாறை நிறைந்த பக்கெட்டை உயரத் தூக்கினான். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, நேராக அதன் கீழே போய் நின்றான். சிலிண்டரிலிருந்து எண்ணெய் சொட்டியது. பக்கெட் மெல்ல இறங்கத் தொடங்கியது.

"மச்சான், வெளிய வந்துரு!" என்று அலறினான் செல்வின்.

"புது சீல்தானே மச்சான், ஏன் பயப்படுற?"

மேனேஜர் செல்வினைத் திரும்பிப் பார்த்தார். ரூபன் நகரவில்லை.