ஏசிக்கு நேர் கீழே

மேங்கோ கறுத்துப்போயிருந்தது.

மாம்பழ நிறத்தில் இருந்த உடம்பு சாம்பலாகிவிட்டது. தாடை மட்டும் அடுப்புக்கரி. கண்ணைத் திறக்கவில்லை. மூன்று நாளாக ஒரு இலைகூட உள்ளே போகவில்லை.

அழகுமலை அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, துபாய் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு மிருக டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தான். இடப்பக்கம் ஒரு பூனை. வலப்பக்கம் பெரிய நாய் ஒன்று. அவனுக்கு இரண்டையும் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அவை மூச்சு விடுவதாவது வெளியே தெரிந்தது.

மேங்கோ அவனுடையது இல்லை. டைல்ஸ் கம்பெனியில் அவனுடைய சூப்பர்வைசர் கௌஸ் முகைதீனின் மகள் ஆமிராவுடையது. தங்கச்சி கல்யாணத்துக்கு அவர் குடும்பத்தோடு காயல்பட்டினம் கிளம்பியபோது, அந்த எட்டு வயதுப் பிள்ளை கண்ணாடிப் பெட்டியை அவனை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனது. பத்து நாள்தான் அங்கிள், இது பியர்டட் டிராகன், கடிக்காது என்றது.

"டிராகனாம். நம்மூரு ஓணான் பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்திருக்கு" என்றான் ரூமில் கூட இருக்கும் வைரவன்.

சொன்னவன்தான் மறுநாளே மல்லித்தழைக் கட்டோடு வந்து நின்றான். ஆறு பேர் ரூமில் மேங்கோ ஏழாவது ஆளாகிவிட்டது. டூட்டி முடிந்து வருகிறவர்கள் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் பெட்டியைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த ரூமிலேயே உசத்தியான இடம் ஏசிக்கு நேர் கீழே இருக்கிற கட்டில். ஆறு வருஷ சர்வீஸுக்குப் பிறகு அழகுமலைக்குக் கிடைத்தது. அதைப் பெட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவன் தரையில் பாயை விரித்துக்கொண்டான். டைல்ஸ் சுடுகிற சூளைக்கு முன்னால் நாளெல்லாம் வேகிறவனுக்குத்தானே ஏசியின் அருமை தெரியும்.

சூளை சமாச்சாரம் ஊரில் நாகவள்ளிக்குத் தெரியாது. ஏசியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிற வேலை என்றுதான் பெண்டாட்டியிடம் சொல்லிவைத்திருக்கிறான். கௌஸ் பாயின் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த போட்டோ ஒன்று முதுகுளத்தூர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வீடியோ கால் என்றால் குளித்து, பவுடர் போட்டுவிட்டுத்தான் பேசுவான்.

ஆமிராவிடமும் இப்போது அதே வேலைதான் நடந்தது. மேங்கோ ஓகேவா, போட்டோ அனுப்புங்க அங்கிள் என்று தினமும் வாய்ஸ் மெசேஜ் வரும். மூன்று நாளாகப் பழைய போட்டோக்களை அனுப்பிக்கொண்டிருக்கிறான். நாளை மறுநாள் பிள்ளை நேரில் வந்து நிற்கும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பது? அது போகட்டும். இவனுடைய உள்ளங்கையில் தலையை வைத்துத் தூங்கிய ஜீவன் இது. அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான்.

டாக்டர் ஹஸ்னைன் மேங்கோவைக் கையில் வாங்கியதுமே புருவத்தை உயர்த்தினார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். எங்கே வைத்திருந்தாய் என்று ஹிந்தியில் கேட்டார்.

ஏசிக்கு நேர் கீழே சாப், என்றான் அழகுமலை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

பெட்டியில் லைட் இருக்குமே?

இருந்தது. அணைத்துவிட்டான். பகல் முழுக்க லைட் எரியணும், நாற்பது டிகிரி என்று ஆமிரா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். பச்சைப்பிள்ளை, நம்பரைத் தப்பாக எழுதிவிட்டது என்று அவனும் வைரவனும் முடிவு கட்டினார்கள். நாற்பது டிகிரியில் எந்த உயிராவது ஆசைப்பட்டு உட்காருமா?

டாக்டர் கோபப்படவில்லை. நோய் எதுவும் இல்லை, குளிர்தான் என்றார். சூடு இல்லாவிட்டால் இதற்குத் தின்றது செரிக்காது, தின்னவும் தோன்றாது. கிடைக்கிற சூட்டைப் பிடித்துக்கொள்ளத்தான் உடம்பைக் கறுப்பாக்கிக்கொள்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துக் கொடுத்தார். அரைமணி நேரம் காலை வெயிலில் வை, ரூமுக்குப் போனதும் லைட்டைப் போடு என்று அனுப்பிவிட்டார்.

அழகுமலை கிளினிக் வாசற்படியில் உட்கார்ந்து மேங்கோவைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். அக்டோபர் வெயில்தான். ஆனாலும் சட்டை நனைந்துவிட்டது. லீவு நாளில் தானாகப் போய் வெயிலில் உட்கார்ந்தது இந்த ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

கால்மணி நேரம் போனது. வாலில் மஞ்சள் தெரிந்தது. மெல்ல முதுகுக்கு ஏறியது. ஒரு கண் திறந்தது, பிறகு மற்றதும்.

பாக்கெட்டிலிருந்து மல்லித்தழையை எடுத்து நீட்டினான். மேங்கோ கொஞ்சம் யோசித்தது. அப்புறம் லபக்கென்று பிடுங்கிக்கொண்டது.

அழகுமலைக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆமிராவுக்குப் புது போட்டோ எடுத்து அனுப்பினான்.

போனைக் கீழே வைப்பதற்குள் நாகவள்ளியின் வீடியோ கால். இருந்த சந்தோஷத்தில் எடுத்துவிட்டான். முகத்தில் வேர்வை வழிய வழிய எல்லாக் கதையையும் கொட்டினான். மேங்கோவைக் காட்டினான். ஏசியிலேயே கிடந்து கரிக்கட்டையாகக் கறுத்துப்போச்சு புள்ள, இப்பத்தான் தெளிஞ்சிருக்கு என்றான்.

நாகவள்ளி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் ஆறு வருசமா ஏசியிலதான இருக்கீக," என்றாள். "நீங்க இம்புட்டுக் கறுத்ததும் அதனாலதான் போல."

அழகுமலை வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினான். துடைக்கவில்லை. முகம் முழுசாகத் தெரியட்டும் என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.