பாலத்தில் ஒரு பொன்னாடை

எந்த வயதுக்கு ஏற்றது என்று இப்போது எந்த வீடியோ கேமின் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. வீட்டார் ஆடிக் காட்டினால் கேமே சொல்லிவிடும்.

பெற்றோர் சங்கத் தலைவர் அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேம் ஆடும் ஹெல்மெட்டை மாட்டினார். "நீ வாங்கின கேம் பண்பாட்டுக்கு ஒத்துவரலைன்னா இன்னிக்கே கடையில திருப்பிக் கொடுத்துடுவேன்" என்றார், பதினான்கு வயது மகள் ஜெசிந்தாவிடம்.

டிவி திரையில் ஆற்றுப்பாலம் இடிந்துகொண்டிருந்தது. சூப்பர் ஹீரோ அருமைநாயகம் பறந்துவந்து ஒரு பஸ்ஸைத் தூக்கிக் கரைசேர்த்தார். பிரமாதம்தான். உடனே ஊர்க்காரர்கள் பொன்னாடையோடு ஓடிவந்தார்கள். பழக்கதோஷம், தோளைக் காட்டிவிட்டார். போட்டோவுக்கும் சிரித்தார். அடுத்த பஸ் ஆற்றில் விழுந்தது.

"ஐயோ, என்னப்பா பண்றீங்க!" ஜெசிந்தா ஹெல்மெட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆடினாள். அவளுக்கும் பொன்னாடை வந்தது. அதை வாங்கி, நனைந்து நடுங்கிய டிரைவருக்குப் போர்த்திவிட்டு, நிற்காமல் அடுத்த பஸ்ஸை நோக்கிப் பறந்தாள். அருமைநாயகம் தன்னை மறந்து கைதட்டினார்.

திரையில் தீர்ப்பு வந்தது: "பதின்வயதினருக்கு மிகவும் ஏற்றது. தந்தை, மகளின் மேற்பார்வையில் மட்டும் ஆடலாம்."

"நான் எப்பம்மா ஆடலாம்?"

"ஹோம்வொர்க் முடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் தொடாதீங்கப்பா."