பின்னால என்ன சரக்கு?

டிரைவர் கருப்பண்ணன் எதையோ மறைக்கிறான் என்று சென்னியப்பனுக்குப் பட்டறை வாசலிலேயே தெரிந்துபோயிற்று.

நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி முடித்த புது லாரி. பூசை முடிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பட்டாசு வெடிக்க, ஸ்டீரிங்கைப் பிடித்து முதலில் வண்டியை நகர்த்தியவர் முதலாளி சென்னியப்பன்தான். அப்புறம் இறங்கிப் போய்ப் பட்டறைக்காரரோடு ஒரு காபி குடித்துவிட்டு வந்தார். அதற்குள் என்னவோ நடந்திருந்தது.

பூசையில் கொடுத்த புதுத் துண்டு கருப்பண்ணன் தோளில் இல்லை. சட்டையில் சிவப்பாகக் கறை.

“என்றா அது?”

“பூசணிக்கா ஒடைச்ச குங்குமமுங்க.”

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இடது கையை வேறு பின்னால் ஒளித்துக்கொண்டான்.

வண்டி கிளம்பியது. சைக்கிள்காரனெல்லாம் முந்திக்கொண்டு போனான்.

“ஏன்டா, லாரி ஓட்டறயா, கட்டை வண்டி ஓட்டறயா?”

“புது இஞ்சினுங்க. மெதுவாத்தானுங்க பழக்கோணும்.”

சொல்லிவிட்டு முதுகுப்பக்கச் சன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தான். பள்ளம் வரும்போதெல்லாம் பார்த்தான்.

சென்னியப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். பட்டறையில் ஜாக்கியையோ எதையோ அமுக்கிப் பின்னால் போட்டிருக்கிறான் களவாணி! முதல் நாளே கைவரிசை. இவனை நம்பிப் பம்பாய்க்குச் சரக்கு அனுப்பினால் வண்டிதான் திரும்பி வருமா? வீடு போய்ச் சேர்ந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு ஆளைத் துரத்திவிட வேண்டியதுதான்.

லாரி ஊருக்குப் போகும் ரோட்டை விட்டுவிட்டு மாட்டாஸ்பத்திரிச் சந்தில் திரும்பியது.

“எங்கடா போற?”

“ஒரே நிமிசமுங்க. வந்தர்றேன்.”

வண்டி நின்றதும் சென்னியப்பன் முந்திக்கொண்டு இறங்கிப் பின்னால் ஏறிப் பார்த்தார்.

ஒரு பலகை. அதன் மேல் மடித்துப் போட்ட சாக்கு. சாக்கில் ஒரு நாய்க்குட்டி. பின்னங்காலில் அழுத்திச் சுற்றியிருந்த புதுத் துண்டில் ரத்தம் ஊறியிருந்தது. வாயைத் துணிக்கிழிசலால் கட்டியிருந்தது.

“அடப்பாவி! வாயில்லாச் சீவனோட வாயக் கட்டி வெச்சிருக்கியே!”

“வலியில கடிக்குதுங்க. மூக்க மூடாமத்தானுங்க கட்டியிருக்கேன்.” ஒளித்த கையை நீட்டினான். பல் பதிந்திருந்தது. “பலகையோட ஒரு கை புடிங்க மொதலாளி. காலு ஆடக்கூடாதுங்க.”

திட்ட வந்தவர் பலகையின் மறுமுனையைப் பிடித்தார். குட்டி அவரைப் பார்த்து முனகியது. மனசு கேட்கவில்லை.

டாக்டர் துண்டைப் பிரித்துப் பார்த்தார்.

“அழுத்திக் கட்டுனதுல ரத்தம் நின்னுருக்கு. நல்ல வேளை, காலு தப்பிச்சுரும். நீ பெரியாஸ்பத்திரிக்குப் போப்பா. கடிச்சதுக்குத் தொப்புளச் சுத்தி ஊசி போடோணும். ஆமா, எங்க அடிபட்டுச்சு?”

களவாணி என்று நினைத்தோமே என்ற வெட்கத்தில் சென்னியப்பனுக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

“நல்லாக் கேளுங்க டாக்டரே! எந்தப் படுபாவி ஏத்துனானோ, திரும்பிக்கூடப் பாக்காமப் போயிருக்கான். அவனெல்லாம் மனுசனா?”

“உடுங்க மொதலாளி” என்றான் கருப்பண்ணன்.

“உடறதா? ஆளு ஆருன்னு சொல்லு. நானே போயி ரெண்டு அறை அறைஞ்சுட்டு வாரேன்.”

சொல்லுப்பா என்று டாக்டரும் நிமிர்ந்து பார்த்தார். கருப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பட்டாசுக்குப் பயந்து நம்ம வண்டிக்கடியில பூந்துக்கிச்சுங்க. நீங்க மொதமொதல்ல வண்டிய நவுத்துனப்பங்க... நல்ல நாளும் அதுவுமா உங்க மனசு சங்கடப்படுமேன்னுதான் சொல்லலீங்க.”